டன் கணக்கு தெரியாமல் ஓடும் டிரெய்லர்கள்

பல்லடம்–தாராபுரம் சாலையில் குண்டடத்தைக் கடக்கும் டிராக்டர்களைக் கவனியுங்கள். மக்காச்சோளமோ எம்.சாண்டோ, எதுவானாலும் பெட்டி விளிம்பு வரை நிரம்பி, அதற்கு மேலும் குவிந்திருக்கும். எத்தனை டன் என்று கேட்டால் ஓட்டுபவருக்கே தெரியாது. இந்த அறியாமை உயிரைக் குடிக்கக்கூடியது.

பெட்டியின் உயரத்தை வைத்துப் பாரத்தை முடிவு செய்வதே தவறு. ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி மக்காச்சோள மணி சுமார் 2 டன் இருக்கும். அதே ஒரு யூனிட் எம்.சாண்ட் நாலரை டன்னைத் தொடும். ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். அச்சும் டயரும் என்னவோ அதேதான்.

விவசாய டிரெய்லர்கள் பலவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. டிராக்டரின் பிரேக்தான் இரண்டையும் நிறுத்தியாக வேண்டும். இறக்கத்தில் பின்பாரம் டிராக்டரையே தள்ளிக்கொண்டு போகும். திருப்பத்தில் மடக்கிக் கவிழ்த்துவிடும். இரண்டு சக்கர டிரெய்லரில் கொக்கியின் மேல் அளவுக்கு மீறிப் பாரம் அழுத்தினால் முன்சக்கரம் தூக்கும், ஸ்டீயரிங் கைக்கு அடங்காது. ஷிப்ட் முடிந்து பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் வேனிலும் பைக்கிலும் ஊர் திரும்புவதும் இதே சாலையில்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு டிரெய்லரையும் பெயர் சொல்லியே கட்டுப்படுத்துகிறது. 2019 செப்டம்பர் முதல் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. மூன்று டன் மிகுந்தால் 26,000 ரூபாய். மிகுந்த சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். எடை போட மறுத்தால் 40,000. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் அனுமதித்தவரும் குற்றவாளிகளே. லோடுக்கு இவ்வளவு என்று பேசி ஏற்றிவிடும் கிரஷர்காரர்களும் வியாபாரிகளும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

எடை மேடை இல்லாத பகுதியல்ல இது. விற்ற சோளத்துக்குக் காசு வாங்க அதே மேடையில் ஏறுகிறோம். சாலையில் இறங்கும் முன் ஏறுவதில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் அபராதப் புத்தகத்தோடு வருவதற்கு முன், அறுவடைக் காலத்தில் இங்கே இலவச எடைச் சோதனை நடத்தி உழவர்களுக்கு அவரவர் வண்டியின் அளவைச் சொல்லித்தர வேண்டும்.

டிரெய்லர் உரிமையாளர்களே, அடுத்த லோடுக்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்து வரும் டன்னுக்கு மேல் ஒரு கூடைகூட ஏற்றாதீர்கள்.