அப்டேட்டின் மேல் பழி போடாதீர்கள்

"இயங்குதளத்தை அப்டேட் செய்ததும் ரெப்ளிகா கெட்டது, இனி டேட்டாபேஸ் சர்வரில் கையே வைக்காதீர்கள்" என்கிறார் நண்பர். பாதுகாப்பு ஓட்டையுள்ள சர்வரை அப்படியே ஓடவிடச் சொல்லும் இந்த யோசனையை என்னால் ஏற்க முடியாது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கதையையே எடுத்துக்கொள்வோம். சொற்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை அது பெரும்பாலும் லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்திடம் கேட்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த விதியை மாற்றியது. அமெரிக்க ஆங்கில அமைப்பில் முன்பு '11' முதலில், '1-1' அடுத்து, இப்போது தலைகீழ். ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனோ இண்டெக்ஸை பைட் பைட்டாக நகலெடுக்கிறது. பிரைமரி டெபியன் 9-இல், ரெப்ளிகா டெபியன் 10-இல் என்றால், பழைய விதிப்படி அடுக்கியதைப் புதிய விதிப்படி தேடுகிறோம். தாமதம் பூஜ்யம், லாகில் ஒரு பிழையும் இல்லை. இருக்கும் பதிவை மட்டும் ரெப்ளிகா 'இல்லை' என்கிறது. ரெப்ளிகேஷன் அறுந்து நின்றிருந்தால்கூட நல்லது, உடனே தெரிந்திருக்கும்.

ரெப்ளிகாவில் எழுத முடியாது, அதனால் அங்கே ரீஇண்டெக்ஸும் ஓடாது. இரு பக்கமும் ஒரே ஜிலிப்சியில் இருக்கட்டும். அல்லது லாஜிக்கல் ரெப்ளிகேஷனுக்கு மாறுங்கள். பிரைமரியில் ஜிலிப்சி மாறிய பிறகு, இண்டெக்ஸைச் சோதிக்கும் ஆம்செக்கை ஓட்டி, எழுத்து சார்ந்த இண்டெக்ஸ்களை அங்கேயே மறுபடி கட்டுங்கள். யூனிக் இண்டெக்ஸில் இரட்டைப் பதிவு நுழைந்திருந்தால் அதைக் களையாமல் கட்டவே முடியாது.

அப்டேட் போடுங்கள். போடுவதற்கு முன் இரண்டு சர்வரிலும் ஜிலிப்சி பதிப்பைப் பாருங்கள்.