சேற்றுக்கு விலைப்பட்டியல் தெரியாது மக்களே!

குளிர்காலம் வந்தாலே டப்ளின் பக்கம் நம்ம சைக்கிள் பசங்களுக்கு ஒரு வியாதி வரும். விக்லோ மலைக் காட்டுப் பாதையில் ஜனவரியில் ஒரு கிராவல் ஓட்டம் என்று தெரிந்த மறுநாளே எல்லோரும் கடைக்கு ஓடுவார்கள். புது சக்கரம், புது ஜாக்கெட், புது ஷூ, முடிந்தால் புது சைக்கிளே! இதற்குப் பெயர் "தயாராவது"ங்களாம். நான் சொல்றேன், இது தயாராவது இல்லை, ஷாப்பிங். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதல் பத்து கிலோமீட்டர் சேற்றிலேயே தெரிந்துவிடும்.

காமர்ஸ் படிக்கிற பய எதுக்கு சைக்கிளைப் பத்தி பேசுறான்னு கேட்கலாம். காமர்ஸ் படிக்கிறதால தான் பேசுறேன் :-) முதல் செமஸ்டரிலேயே சொல்லித் தருவாங்களே, மூலதனச் செலவு வேறு, வருவாயினச் செலவு வேறு என்று. லாரி வாங்குவது முதல் வகை. அதுக்கு ஆயில் மாற்றுவது ரெண்டாவது வகை. ஆயில் மாற்றாதவன் ரெண்டாவது லாரி வாங்கினால் பிரச்சனை தீருமா? ரெண்டு லாரி ரிப்பேர் ஆகும், அவ்வளவுதான். சேற்று ஓட்டம் முழுக்க முழுக்க ரெண்டாவது வகைச் செலவு. அதை முதல் வகை மாதிரி விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

சரி, மேட்டருக்கு வருவோம். சேறு என்ன செய்யும்?

விக்லோ மலை கிரானைட் பாறை. அது உதிர்ந்து வரும் மணல் உப்புத்தாள் மாதிரி. மேலே கரிய பீட் மண், அதுக்கு மேலே மழை. இந்தக் கலவை பிரேக் பேடையும் செயினையும் அரைத்து எடுத்துவிடும். செயின் 20 யூரோவா 80 யூரோவா என்று அது பார்க்காது. விலை கூடினதாலேயே தேய்மானம் நின்றுவிடாது, தேயும் காசுதான் கூடும்.

களிமண் ஊர்களில் கதை வேறு. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலம் எம்போரியாவில் 2006ல் டர்ட்டி கான்சா என்று ஆரம்பித்து, இப்ப அன்பவுண்ட் கிராவல் என்ற பெயரில் நடக்கிற 200 மைல் பந்தயம் இருக்கிறது. அது மே கடைசி அல்லது ஜூன் தொடக்கம், குளிர்காலமே இல்லை. ஆனாலும் 2023ல் கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே சேறு பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் இதுக்கு பீநட் பட்டர் சேறு என்றே பெயர். உலகத்திலேயே விலை கூடின சைக்கிள்களை வைத்திருந்த தொழில்முறை வீரர்களும் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அன்றைக்குக் கை கொடுத்தது எது தெரியுமா? பெயிண்ட் கலக்குகிற மரக்குச்சி! அதை வைத்துத்தான் சக்கரத்துச் சேற்றைச் சுரண்டினார்கள். பல ஆயிரம் டாலர் சைக்கிளைக் காப்பாற்றியது ஒரு குச்சி. சிரிப்பு வருதா இல்லையா?

இன்னொரு விஷயம். களிமண்ணில் தண்ணீர் நிறைய இருந்தால் வழிந்து ஓடிவிடும். மழை விட்டு பாதி காய்ந்த களிமண்தான் அப்பிக்கொள்ளும். "மழை நின்னுடுச்சு, ஜாலி" என்று குதிக்காதீர்கள்.

இப்ப என் பட்டியல். கடைக்காரருக்குப் பிடிக்காது :-)

1. இடைவெளி. டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சேறு வெளியேற வழி வேண்டும். 45 மி.மீ. வரை போடலாம் என்று எழுதியிருந்தால் 45ஐயே போடணும்னு அர்த்தமில்லை. சேற்று நாளில் 38 அல்லது 40 போடுங்கள். வழுக்கும் டயரை மட்டும் மாற்றினால் போதும், சக்கரத்தை மாற்ற வேண்டாம். நீளமான மட்கார்டைக் கழற்றிவிடுங்கள், அதுக்குள்ளதான் சேறு முதலில் அடைக்கும்.

2. செயின். அளக்க கருவி வாங்க வேண்டாம், ஸ்கூல் ஸ்கேல் போதும். புது செயினில் ஒரு பின்னிலிருந்து எண்ணி 24 கண்ணி தாண்டினால் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் மாற்றும் நேரம் வந்தாச்சு. மாற்றாமல் விட்டால் பல் சக்கரத்தையும் தின்றுவிடும். எண்ணெய் ஈரத்துக்கான ரகமாக இருக்கட்டும். போட்டுவிட்டு மேலே ஒட்டியதைத் துடைத்துவிடுங்கள்.

3. பிரேக் பேட். ரெசின் பேட் நனைந்த மணலில் சீக்கிரம் கரையும். உலோகம் கலந்த பேட் சத்தம் போடும், ஆனால் தாங்கும். ஓட்டத்துக்கு முந்தைய வாரமே மாட்டி, பத்து இருபது முறை வேகத்திலிருந்து பிடித்துப் பழக்குங்கள். காலையில் மாட்டிவிட்டு மலையில் இறங்காதீர்கள், ப்ளீஸ்.

4. பின் டெரெயிலர். புல்லும் சேறும் சேர்ந்து சிக்கியதும் கால் பலத்தால் அழுத்துவதுதான் அதை முறிக்கும். பெடல் இறுகினால் நிறுத்துங்கள், இறங்குங்கள், குச்சியால் சுரண்டுங்கள். அது மாட்டியிருக்கும் ஹேங்கர் உங்கள் சைக்கிளுக்குப் பொருந்துவதாக ஒன்று பையில் இருக்கட்டும்.

5. முடிந்த பின் குழாய்த் தண்ணீரும் பழைய பிரஷ்ஷும். பிரஷர் வாஷரை பேரிங்கில் நேராக அடித்தால் கிரீஸ் வெளியே, தண்ணீர் உள்ளே.

இவ்வளவுதான். இதில் எதுவும் கண்ணாடி அலமாரியில் விளக்கு போட்டு வைக்கும் பொருள் இல்லை. அதனால்தான் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

உடைக்கு வருகிறேன். இங்கே மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஆனால் விலைக்கும் கதகதப்புக்கும் முடிச்சு போடாதீர்கள். நனைந்த பருத்தி பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும், சாரிட்டி ஷாப்பில் பழைய மெல்லிய கம்பளி பனியன் மலிவாகவே கிடைக்கும். உண்மையான பயம் வேகமாக ஓட்டும்போது இல்லை. பஞ்சர் ஆகி நிற்கிற இருபது நிமிடத்தில்தான் விரல் மரத்துப்போய் டயரையே கழற்ற முடியாது. அதனால் உலர்ந்த கையுறை ஒரு ஜோடி பிளாஸ்டிக் பையில், ஒரு அவசரப் போர்வை, ஒரு விளக்கு. டிசம்பர் கடைசியில் டப்ளினில் மாலை 4:10 மணி வாக்கிலேயே சூரியன் போய்விடும். ஜனவரியிலும் பெரிய முன்னேற்றம் கிடையாது.

"அப்போ தொழில்நுட்பமே வேஸ்ட்டா?" என்று ஒருத்தர் கிளம்புவார். இல்லை சாமி. டிஸ்க் பிரேக் சேற்றில் ரிம் பிரேக்கைவிட எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ட்யூப் இல்லாத டயரில் காற்றை இறக்கி ஓட்டலாம், ட்யூப் உள்ளதில் ரொம்ப இறக்கினால் கல்லில் இடித்து ட்யூப் கடிபடும். இதெல்லாம் உண்மை. சைக்கிளே இல்லாதவன் வாங்கும்போது இதைப் பார்த்து வாங்கட்டும். ஆனால் ஓடுகிற சைக்கிளை வைத்திருப்பவனிடம் "இதை வெச்சுக்கிட்டு வராதே" என்று சொல்ல இது காரணமே அல்ல.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். என் நண்பன் ஒருத்தன், பார்ட் டைம் வேலை பார்த்துப் படிக்கிறவன், ரெண்டாம் கை சைக்கிள். ஒரு கடையில் செயின் கேட்டுப் போனவனிடம் "இந்த வண்டி ஜனவரிக்குத் தாங்காது" என்று சொல்லி தவணைத் திட்டத்தை நீட்டியிருக்கிறார்கள். பேர் கொடுத்திருந்ததை அவன் வாபஸ் வாங்கிவிட்டான். வண்டியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். தேவைப்பட்டது ஒரு செயின், ஒரு செட் பேட். ரெண்டும் சேர்த்து நாற்பது ஐம்பது யூரோவுக்குள். இந்த "தயாராகு" கோஷம் முதலில் வெளியே தள்ளுவது காலில் பலம் இல்லாதவனை இல்லை, பர்ஸில் பலம் இல்லாதவனை.

ஆகவே சீனியர் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். ஓட்டத்துக்கு முன்னாடி "வாங்க வேண்டிய பொருட்கள்" என்று பட்டியல் அனுப்பாதீர்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் வண்டியோடு வரச் சொல்லுங்கள். ஸ்கேல், எண்ணெய், பழைய துணி, கொஞ்சம் டீ போதும். செயின் அளக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லித் தரட்டும். என் நண்பன் மாதிரி நாலு பேர் அன்றைக்குத் திரும்பி வந்து பேர் கொடுப்பார்கள்.

மரக்குச்சி நான் கொண்டு வருகிறேன், எல்லோருக்கும் சேர்த்து.