தடித்த கம்பி போட்டால் போதுமா?

கிதார் வாசிக்கும் இளைஞர்களிடையே நெடுநாளாக ஒரு பேச்சு உலவுகிறது. கம்பி தடிக்கத் தடிக்க நாதம் கனக்கும் என்பது அந்தப் பேச்சு.

இதை நம்பிப் பலர் கடைக்கு ஓடுகிறார்கள். தடித்த கம்பி வாங்குகிறார்கள். பழைய கம்பியைக் கழற்றி எறிகிறார்கள். புதுக் கம்பியை மாட்டி முறுக்குகிறார்கள்.

அப்புறம்?

விரல் வலிக்கிறது. சுருதி நிற்க மாட்டேன் என்கிறது. கம்பி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு மாதத்தில் மின்சார கிதார் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது!

குற்றம் கம்பியுடையது அல்ல. கம்பியை மாற்றியவர், கிதாரை அதற்குத் தக்கபடி திருத்தாமல் விட்டதுதான் குற்றம்.

டெக்சாஸ்காரர்

இந்தப் பேச்சு பரவியதற்குப் பெரிய காரணம் ஒரு மனிதர். அவர் பெயர் ஸ்டீவி ரே வான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் 1954-ல் பிறந்தவர். 1983-ல் வந்த "டெக்சாஸ் பிளட்" என்ற இசைத்தட்டு அவருக்குப் பெரும் பெயரைத் தந்தது. 1990-ல் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தார். அப்போது வயது 35தான்.

வான் போட்டது 13 நம்பர் கம்பி. அது என்ன நம்பர்? ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காகப் பிரித்தால், அதில் 13 பங்கு தடிமன் என்று பொருள். ஆறு கம்பிகளில் மிக மெல்லிய கம்பியின் நம்பரைச் சொல்லித்தான் கடையில் கம்பிக் கட்டை வாங்குவார்கள். சாதாரணமாக மின்சார கிதாருக்குப் போடுவது 9 அல்லது 10.

13 நம்பரைக் கேட்டதும், வானின் நாதம் அந்தக் கம்பியில்தான் இருக்கிறது என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியத்தைப் பலர் கவனிப்பதில்லை. அவர் கிதாரை அரை சுரம் இறக்கிச் சுருதி கூட்டினார். அப்படி இறக்கினால் கம்பியின் இழுப்பு நூற்றுக்குப் பதினொரு பங்கு குறைந்துவிடும்.

அப்படியும் அவர் விரல் தப்பவில்லை. தோல் கிழிந்துபோகும். பசை போட்டு ஒட்டிக்கொண்டு மேடை ஏறினார். இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பையன் இதைக் கேட்டால் என்ன செய்வான்? தானும் விரலைக் கிழித்துக்கொள்வான்! வானுக்குப் பெரிய கை. பல வருஷத்துச் சாதகம். நேற்றுப் பழக ஆரம்பித்தவனுக்கு அது ஏது?

எதிர் சாட்சி

அதே டெக்சாஸில் இன்னொருவர். பில்லி கிப்பன்ஸ். ஹூஸ்டன் நகரில் 1949-ல் பிறந்தவர். "ஜீ ஜீ டாப்" என்ற குழுவின் கிதார்காரர். அவர் போடுவது 7 நம்பர்! தலைமுடி போல இருக்கும்.

அவரும் முதலில் தடித்த கம்பிதான் போட்டிருந்தார். ஒருமுறை மேதை பி.பி. கிங் அவருடைய கிதாரை வாங்கி வாசித்துப் பார்த்தார். எதற்காக இவ்வளவு பாடுபடுகிறாய் என்று கேட்டார். அன்றோடு கிப்பன்ஸ் மெல்லிய கம்பிக்கு மாறினார். இதைக் கிப்பன்ஸே சொல்லியிருக்கிறார். அவருடைய நாதம் மெலிந்துவிட்டதா? இல்லை. கல் உருளுவது போல இருக்கிறது.

இன்னும் பெரிய சாட்சி இங்கிலாந்தில் இருக்கிறது. டோனி அயோமி பர்மிங்ஹாம் நகரத்தவர். தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. வயது 17. வேலையை விட்டுப்போகும் கடைசி நாள் அன்று, இயந்திரத்தில் வலது கை சிக்கியது. இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது! அவர் இடக்கை வாசிப்பவர். கம்பியை அழுத்தும் கை அந்த வலக்கைதான்.

அவர் விடவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். அதன்மேல் தோல் ஒட்டினார். அழுத்தச் சுலபமாக இருக்க வேண்டும் என்று மெல்லிய கம்பி போட்டார். பின்னர் சுருதியையும் இறக்கினார். அவருடைய "பிளாக் சபாத்" குழுவின் முதல் இசைத்தட்டு 1970-ல் வந்தது. "ஹெவி மெட்டல்" என்ற இசைக்கு அதுவே தொடக்கம் என்கிறார்கள். கனமான இசை என்று பெயர் வாங்கியது, மெல்லிய கம்பியில் பிறந்தது!

ஆகவே கனம் கம்பியில் மட்டும் இல்லை. கையில் இருக்கிறது. ஒலிபெருக்கியில் இருக்கிறது.

ஒரு மூட்டை அரிசி

அப்படியானால் தடித்த கம்பியே கூடாதா? அப்படி இல்லை.

சுருதியை மிகவும் இறக்கி வாசிப்பவர்களுக்கு அது வேண்டும். இல்லாவிட்டால் கம்பி தொளதொளவென்று ஆடும். ஓங்கி மீட்டும் கைக்கும் அது நல்லது. அழுத்திப் பிடித்தாலும் சுரம் எளிதில் பிசகாது. இப்படித் தேவை உள்ளவர் தாராளமாக மாற்றலாம். ஆனால் கிதாரின்மேல் என்ன பாரம் ஏறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும்.

நீளக் கழுத்துள்ள கிதாரில், 9 நம்பர் கட்டின் ஆறு கம்பியும் சேர்ந்து இழுப்பது சுமார் 39 கிலோ. 10 நம்பர் போட்டால் சுமார் 47. பதினொன்றுக்குப் போனால் சுமார் 53. ஒரு மூட்டை அரிசிக்கு மேலே! ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குத் தாவுகிறவர், மெல்லிய மரக் கழுத்தின்மேல் 14 கிலோ பாரத்தைக் கூட்டுகிறார். கழுத்து வளையாமல் என்ன செய்யும்?

இதற்காகவே கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். "டிரஸ் ராடு" என்று பெயர். அதன் நுனியில் ஒரு திருகாணி இருக்கும். வலப்புறம் திருகினால் இறுகும். முன்பக்கம் வளைந்த கழுத்து நிமிரும். முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளே முறிந்துவிடும். பிறகு அழுதாலும் வராது. ஒரு தடவைக்குக் கால் சுற்றுத்தான். திருகுமுன் கம்பியைச் சற்றுத் தளர்த்திக்கொள்வது நல்லது. திருகியபின் மறுபடியும் சுருதி கூட்டிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நிமிர்த்துவது? முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே கம்பியை அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில், ஏழாவது எட்டாவது மெட்டுப் பக்கம், ஒரு சிறு இடைவெளி தெரியும். 10 நம்பர் கம்பி நுழையும் அளவு இருந்தால் பெரும்பாலான கிதார்களுக்குச் சரி. (மெட்டு, குதிரை, பிரடை எல்லாம் வீணை உள்ள வீட்டார் அறிந்த பெயர்கள்தான். வேலையும் ஏறக்குறைய அதேதான்.)

அடுத்தது தலைப்பக்கத்துப் பள்ளங்கள். கம்பி அந்தப் பள்ளங்களில் உட்கார்ந்துதான் பிரடைக்குப் போகிறது. மெல்லிய கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் தடித்த கம்பி இறங்காது. நெருக்கிக்கொண்டு நிற்கும். பிரடையைத் திருப்பும்போது "டிங்" என்று சத்தம் கேட்டால் இதுதான் காரணம். சுருதி நிற்காத கிதாரில் பிரடையைத் திட்டுகிறவர்கள் இந்தப் பள்ளத்தைப் பார்ப்பதில்லை. அரத்தால் அளவாக அகலப்படுத்த வேண்டும். கை பழகாதவர் இதில் இறங்க வேண்டாம். ஆழமாக வெட்டிவிட்டால் கம்பி மெட்டில் உரசும். பிறகு பட்டையையே மாற்ற வேண்டும். கூலி கொடுத்துத் தெரிந்தவரிடம் விடுவதே லாபம்.

1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற கிதார்களில் குதிரை அசையும். பின்பக்கத்துச் சுருள்வில்கள் அதைப் பிடித்து இழுக்கின்றன. முன்னால் கம்பி, பின்னால் வில். கயிறு இழுக்கும் போட்டிதான்! கம்பியின் பலம் கூடினால் குதிரை முன்பக்கம் சாய்ந்து தூக்கும். வில்லை மாட்டியிருக்கும் இரண்டு திருகாணிகளையும் முடுக்க வேண்டும். போதாவிட்டால் இன்னொரு வில் சேர்க்க வேண்டும்.

கடைசியில் சுரம் பார்ப்பது. வெறும் கம்பியை மீட்டிச் சுருதி சரி செய்து, பிறகு பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டினால், அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். கூடுதலாக வந்தால் குதிரையில் அந்தக் கம்பியின் கட்டையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். குறைவாக வந்தால் முன்னுக்கு.

கடைக்காரர் சொல்லலாமே!

இவ்வளவும் கம்பி விற்கிற கடைக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் எத்தனை பேர் சொல்கிறார்கள்? "9-லிருந்து 11-க்குத் தாவாதே தம்பி, முதலில் 10 போட்டுப் பார்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நம்பர் ஏற்றினாலே மெல்லிய கம்பியின் இழுப்பு ஏறக்குறைய கால் பங்கு கூடுகிறது. விரலுக்கு அதுவே பெரிது. சில வாரம் பழகட்டும். வலி வந்தால் நிறுத்தட்டும். தோலில் காய்ப்பு விழுவது வேறு, மணிக்கட்டு நோவது வேறு. மணிக்கட்டு நொந்தபின்னும் வாசிக்கிறவனைப் பெற்றோர் தடுக்க வேண்டும்.

ஒத்துவரவில்லை என்று பழைய கம்பிக்கே திரும்புவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அப்போதும் கிதாரைத் திருத்த வேண்டும். முடுக்கிய திருகாணிகளைத் தளர்த்தாமல் மெல்லிய கம்பியை மாட்டினால், கழுத்து இப்போது பின்பக்கம் வளையும். கம்பி மெட்டில் உரசி, வாசிக்கிற இடமெல்லாம் "கிர்" என்று கத்தும்.