அபலை என்றொரு சொல்

எருமப்பட்டிக் கடைத்தெருவில் ஒரு பெரியவர், கோழிப் பண்ணைக்காரர், நல்ல மனிதர்தான், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பாவமுங்க, அபலைங்க. மீட்டாச்சில்லைங்களா? ஒரு ஓரமா இருந்து பொழச்சுக்க வேண்டியதுதானே? இதுக்கு எதுக்குங்க சங்கமும் மேடையும்?"

விற்கப்பட்டவர்களே கூடி விற்பனையை எதிர்ப்பது அவருக்கு அடக்கமின்மையாகப் படுகிறது. உங்களில் பலருக்கும் அப்படித்தான் படும்.

நீங்கள் கதை படிக்கிறவர்கள். ஆகவே ஒரு நாவலைச் சொல்லுகிறேன். 1936-இல் வந்த 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்.' எழுதியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். வறுமையினால் குழந்தைப் பருவத்திலேயே ஒரு தாசி வீட்டுக்கு விற்கப்பட்டவர். பத்து ரூபாயும் ஒரு பழம் புடவையும் விலை என்று அவர் சரித்திரத்தில் சொல்வார்கள். அந்தப் பெண் ஓரமாக இருந்து பிழைத்துக்கொள்ளவில்லை. 1925-இல் மாயவரத்தில் மாநாடு கூட்டினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வரும்வரை ஓயவில்லை. நாவல் என்று பார்த்தால் அதில் நான் குறை சொல்வேன், பிரசங்கம் அதிகம். ஆனால் பேரம் நடக்கும் விதம் அதில் இருப்பதுபோல், வெளியே நின்று இரக்கப்படுகிற எங்களுக்கு எழுத வராது.

சட்டம் வேண்டாம் என்று மனுச் செய்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. பெங்களூர் நாகரத்தினம்மாள் சாமானியரா? அதைக் காட்டி வாயடைக்கப் பார்க்க வேண்டாம். அனுபவப்பட்டவர்கள் போட்ட அந்தச் சண்டையைத்தான் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். நமது பெருமூச்சு யாருக்கு வேண்டும்?

அம்மையார் பெயரால் சர்க்கார் வைத்தது கல்யாண உதவித் திட்டம்! 2022-இல்தான் அது பெண்பிள்ளைகள் மேற்படிப்புக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று மாறிற்று. இதற்கிடையில் நமது கொங்குச் சீமை நூற்பாலைகள் பல 'சுமங்கலித் திட்டம்' நடத்தின. மூன்று வருஷம் விடுதியில் அடைபட்டு உழைத்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம். ஊர் ஊராய்ப் பெண்களைத் திரட்டத் தரகர்கள். தூண்டிலில் தாலியைக் கோத்துவிட்டால் எந்தத் தகப்பனுக்குச் சந்தேகம் வரும்?

திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் விடுபட்டவர்கள் இப்போது சங்கம் வைத்திருக்கிறார்கள். பல மாநிலங்களில் மீண்டவர்கள் சேர்ந்து அகில இந்திய அமைப்பும் கண்டிருக்கிறார்கள். இன்னும் அடைபட்டுக் கிடப்பவனை அடையாளம் கண்டுகொள்ள இவர்களைவிட யாருக்குத் தெரியும்?

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்துவிட்டது. 2016-இல் மத்திய சர்க்கார் மறுவாழ்வுத் தொகையை ஒரு லட்சம், இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று உயர்த்திற்று. உடனடி உதவி அப்போது இருபதினாயிரமாக இருந்தது. பெருந்தொகைக்கோ எஜமானன் தண்டனை பெறுவதோடு முடிச்சு! அவன் கோர்ட்டில் தப்பித்துக்கொண்டால் இவன் அடிமையாக இருந்ததே இல்லை என்றாகிறது. அந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்லவும், விடுதலைச் சான்றிதழைக் கேட்டு வாங்கவும் ஒருவன் தனியே போனால், "நாளைக்கு வா" என்பார்கள். அதனால்தான் நாற்பது பேராகப் போகிறார்கள்.