எந்த லிண்டர் நல்ல லிண்டர்?

புது வெப் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சா முதல் வாரமே எங்க டீம்ல வர்ற பஞ்சாயத்து இதுதான். ஈஎஸ்லிண்ட்டா, பயோமா, ஆக்ஸ்லிண்ட்டா? ஆளாளுக்கு வேகக் கணக்கோட வந்து நிப்பாங்க. என் கட்சி வேற. வேகத்தைக் கடைசியா பார்த்தாப் போதும்.

கொஞ்சம் பழைய கதை. லிண்ட்னா துணியில ஒட்டுற நூல் பிசிறு. 1978-ல பெல் லேப்ஸ்ல ஸ்டீபன் ஜான்சன், சி ப்ரோக்ராம்ல இருக்கற பிசிறைப் பொறுக்கற டூலுக்கு இந்தப் பேரை வெச்சார். ஜாவாஸ்க்ரிப்ட்டுக்கு 2002-ல டக்ளஸ் க்ராக்ஃபோர்டோட ஜேஎஸ்லிண்ட் வந்தது. அவர் வெச்சதுதான் சட்டம். அந்தக் கெடுபிடி பிடிக்காம 2011-ல ஜேஎஸ்ஹின்ட் தனியாப் பிரிஞ்சது. 2013-ல வந்த ஈஎஸ்லிண்ட்ல எந்த விதியையும் போடலாம், எடுக்கலாம், சொந்தமாவும் எழுதலாம். பஞ்சாயத்துக்கு வழி பிறந்ததும் அப்பதான் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். செமிகோலன், இடைவெளி சமாசாரமெல்லாம் லிண்டர் வேலையே இல்லை. ப்ரெட்டியர் மாதிரி ஃபார்மேட்டர் கிட்ட விட்டுடணும். ஈஎஸ்லிண்ட்காரங்களே 2023-ல அந்த விதிகளைக் கைவிடறதா அறிவிச்சுட்டாங்க.

மிச்சம் இருக்கறதுதான் முக்கியம். பணம் கட்டின விவரத்தை டேட்டாபேஸ்ல எழுதற வரியில 'அவெய்ட்' விட்டுப்போச்சுன்னு வைங்க. எழுதறது தோத்துப்போனாலும் சுத்தி இருக்கற ட்ரை-கேட்ச் பிடிக்காது. கஸ்டமருக்கு 'நன்றி'ன்னு பக்கம் வந்துடும், கணக்குல பணம் இருக்காது. டைப்ஸ்க்ரிப்ட்-ஈஎஸ்லிண்ட்ல இதைப் பிடிக்க விதி இருக்கு. டைப் விவரத்தைப் பார்க்கறதால மெதுவாத்தான் ஓடும். ஓடட்டுமே! போன ஆறு மாசத்துல ப்ரொடக்‌ஷன்ல வந்த பக் லிஸ்டை எடுத்து, எந்த டூல் எதைப் பிடிச்சிருக்கும்னு பாருங்க. அதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

என் கணக்கு இதுதான்: சின்ன புது ப்ராஜெக்ட்னா பயோம். ஃபார்மேட்டரும் லிண்டரும் ஒண்ணாவே வருது, ஒரே கான்ஃபிக். ஏற்கனவே பத்து ப்ளக்இன்னோட ஈஎஸ்லிண்ட் ஓடுதுன்னா அதுலயே இருங்க. கோட் ரொம்பப் பெரிசுன்னா ஆக்ஸ்லிண்ட்டை முன்னாடி ஓடவிட்டு, மிச்சத்தை ஈஎஸ்லிண்ட்டுக்கு விடலாம்.

எதை எடுத்தாலும் 'வார்னிங்' மட்டும் வேண்டாம். நானூறு வார்னிங் ஓடினா நானூத்தி ஒண்ணாவதை யார் பார்ப்பா? ஒண்ணு பில்டை நிறுத்தணும், இல்ல அந்த விதியை எடுத்துடணும். பழைய தப்புகளை ஒரு ஃபைல்ல ஒதுக்கி வெச்சுட்டு புதுசா வர்றதை மட்டும் நிறுத்தற வசதி 2025-ல ஈஎஸ்லிண்ட்லயே வந்துடுச்சு.

இதுக்கெல்லாம் இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேப்பீங்க. எங்க புனே டீம்ல மராத்தி, தெலுங்கு, பெங்காலி, தமிழ்னு நாலு பாஷை. ரிவ்யூல எழுதறது எல்லாருக்குமே இரவல் இங்கிலீஷ். "இங்க ஸ்பேஸ் இல்லை"ன்னு சீனியர் சாதாரணமா எழுதறது, போன மாசம் சேர்ந்த பையனுக்கு அதட்டலாக் கேக்கும். அப்படி முப்பது கமெண்ட் வாங்கினவன், அடுத்த தடவை கோடை ரிவ்யூவுக்குக் குடுக்கவே தயங்குவான். மெஷின் சொன்னா யாருக்கும் ரோஷம் வராது, திருத்திட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ரிவ்யூல மனுஷங்க லாஜிக்கைப் பத்தி மட்டும் பேசலாம்.

அதனால, புதுசா வந்தவனுக்கு 'ஏன்'னு ஒரே வரியில சொல்ல முடியாத விதி எதுவும் உங்க கான்ஃபிக்ல இருக்க வேண்டாம். அப்படிப் பார்த்தா இருபது விதி மிஞ்சினாலே பெரிசு. அந்த இருபதை ஒழுங்கா ஓட்டற டூல்தான் உங்களுக்கு நல்ல லிண்டர்.