நொய்யலின் கடனை யார் அடைப்பது?

இயற்கையிடமிருந்து எடுத்ததை அதற்கே திருப்பித் தரும் 'மீட்டுருவாக்கப் பொருளாதாரம்' பற்றித் தொழில்துறை மாநாடுகளில் இப்போது அதிகம் பேசப்படுகிறது. அந்தச் சொல்லை உரசிப் பார்க்க ஏற்ற இடம் திருப்பூர்.

நொய்யலில் சாயக்கழிவு கலப்பது நிற்காததால், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அதன் பின்னரே, கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறை அங்கு வேரூன்றியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீர் நுண்ணுயிரிகளாலும் ஆர்.ஓ. சவ்வுகளாலும் தூய்மையாக்கப்படுகிறது, எஞ்சும் உவர்நீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கின்றனர். நீரின் பெரும்பகுதி பட்டறைகளுக்கே திரும்புகிறது. சாயமேற்ற உதவும் உப்பும் மீள்கிறது. இது சிறிய சாதனை அன்று. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மட்டும் நிலைய வளாகங்களில் மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது.

ஆனால், இவ்வளவும் புதிய கேடு நேராமல் தடுப்பதுதான். பழைய கேடு? பாசனத்துக்காக 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமானது. அணையைத் திறக்கச் சொல்லிப் போராடுவதே விவசாயிகளின் வழக்கம். இங்கோ, திறக்க வேண்டாம் என்று மன்றாட நேர்ந்தது. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கோட்பாட்டை, தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வேலூர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுடன், சீர்குலைந்த சூழலை மீட்கும் செலவும் அதில் அடக்கம் என்றது. நொய்யலிலோ பேச்சு பெரும்பாலும் இழப்பீட்டைச் சுற்றியே நிகழ்ந்தது.

மாசுபடுத்தியவர் பட்டறை உரிமையாளர் மட்டும்தானா? சுத்திகரிப்புச் செலவு சாயக் கூலியில் ஏறுகிறது. அயல்நாட்டு பிராண்டுகளோ வங்கதேசத்து விலையைக் காட்டிப் பேரம் பேசுகின்றன. நிலைத்தன்மை அறிக்கைகளை ஆண்டுதோறும் வெளியிடும் அந்நிறுவனங்கள், ஓர் ஆடைக்குச் சில காசுகள் வீதம் நொய்யல் படுகைக்கென ஒதுக்கட்டும். ஏற்றுமதியாளர்களும் மாநில அரசும் தம் பங்கைச் சேர்க்கட்டும். அந்த நிதியைச் செலவிடும் குழுவில் கடைமடை விவசாயிகள் இடம்பெற வேண்டும். முதல் தவணை ஒரத்துப்பாளையத்துக்குக் கீழேயுள்ள கிணறுகளுக்கும் வயல்களுக்கும் போகட்டும். நகருக்குள் ஆற்றங்கரையை அழகுபடுத்தும் வேலை பிறகு நடக்கட்டும்.