ரேம் இருக்கிறது, இடம்தான் இல்லையாம்!

32 ஜிபி ரேம் போட்ட கணினி. அதில் 16 ஜிபியை, கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு ஒதுக்கி, கிராபிக்ஸ் கார்டையும் அதன் கையில் கொடுத்து இயக்குகிறேன். 'நினைவகம் ஒதுக்க முடியவில்லை' என்று திரையில் ஒரு வரி வந்து எல்லாம் நின்றுபோகிறது. பாதி ரேம் சும்மா கிடக்கிறது! ரேஷன் கடைக்குள் அரிசி மூட்டைகள் கண்ணுக்குத் தெரிய, வாசலில் 'சரக்கு இல்லை' பலகை தொங்குகிற கதைதான்.

வேலையற்றவர்களின் பொழுதுபோக்குத் தொல்லை என்று இதை ஒதுக்க முடியாது. லினக்ஸில் இருந்துகொண்டே, விண்டோஸில் மட்டும் ஓடும் டிசைன் மென்பொருளை நம்பிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது கணினி வாங்க வசதியில்லாத மாணவர்கள் இருக்கிறார்கள். கார்டை அப்படியே விர்ச்சுவல் மெஷினிடம் ஒப்படைக்கும் 'பாஸ்த்ரூ' வசதி இவர்களுக்குப் பெரிய வரம். அதற்கான விஎஃப்ஐஓ ஏற்பாடு லினக்ஸ் கர்னலில் 2012லேயே வந்துவிட்டது. வரம் கிடைத்தும் அனுபவிக்க விடமாட்டேன் என்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தப் பிழைச்செய்தியையே எடுத்துக்கொள்வோம். கிராபிக்ஸ் கார்டு, பிராசஸரைக் கேட்காமல் நேரடியாக ரேமில் எழுதும். எந்த நொடியில் எந்த மூலையைத் தொடும் என்று ஹோஸ்டுக்கு, அதாவது வெளியே இருக்கும் அசல் கணினிக்கு, தெரியாது. அதனால் விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்த 16 ஜிபியையும் இடம் நகராமல் பூட்டிவைத்தாக வேண்டும். சாதாரணப் பயனர் எவ்வளவு பூட்டலாம் என்பதற்கு 'மெம்லாக்' என்று ஒரு வரம்பு உண்டு. கர்னலில் அது வெகுகாலம் 64 கேபியாக இருந்தது, 5.16இல்தான் 8 எம்பி ஆனது. கேட்பது 16 ஜிபி, அனுமதி 8 எம்பி! விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் வழியாக இயக்கினால் அதுவே வரம்பை உயர்த்திக்கொள்கிறது. விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் க்யூஎமுவை நேரடியாக இயக்குகிறவர், பயனர் வரம்புக் கோப்பில் இரண்டு வரி சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் தீர்ந்தது. இரண்டே வரி. உண்மைக் காரணம் கர்னல் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவன் பார்க்கும் திரையில்தான் இல்லை. அதை இங்கே கொண்டுவந்து காட்ட என்ன தடை?

அதைத் தாண்டினால் அடுத்த வாசல். ஒவ்வொரு கார்டும் தன் நினைவகத்தை வெளியே காட்ட ஒரு முகவரி ஜன்னல் வைத்திருக்கிறது, 'பார்' என்பார்கள். ஒரே கார்டுதான் இருக்கிறது என்றால், கணினி கண்விழித்ததும் தயாரிப்பாளரின் லோகோ அந்த ஜன்னலில்தான் காட்டப்படும். லோகோ மறைந்த பிறகும் பூட் திரை இடத்தைக் காலி செய்வதில்லை. விர்ச்சுவல் மெஷின் வந்து கேட்டால் 'பார் 1ஐ ஒதுக்க முடியவில்லை' என்று வருகிறது. ஐஓமெம் கோப்பைத் திறந்து பாருங்கள், அந்த முகவரிக்கு நேரே 'பூட்எஃப்பி' என்ற பெயர் சட்டமாக உட்கார்ந்திருக்கும். பழைய கர்னல்களில் இஎஃப்ஐ திரையை அணைக்கச் சொல்லி பூட் வரியில் ஒரு சொல் சேர்த்தால் போதும். புதிய கர்னல்களில் அது பலிக்காமல், பூட் திரையை அமைக்கும் 'சிஸ்எஃப்பி' தொடங்குவதையே தடுக்க வேண்டியிருக்கிறது. நேற்றைய மருந்து இன்றைக்கு வேலை செய்யவில்லை என்பதை யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள்.

எந்தத் திரை முதலில் எழ வேண்டும் என்று தேர்வு செய்ய பயாஸில் ஒரு வசதி இருந்தால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். ரிச்சி தெருவில் நான் வாங்கிய மதர்போர்டில் அது இல்லை. பெட்டியில் என்னவோ, பாஸ்த்ரூவுக்குத் தேவையான 'விடி-டி ஆதரவு உண்டு' என்று போட்டிருந்தது. '4 ஜிபிக்கு மேல் டிகோடிங்' என்ற அமைப்பைக் கண்டுபிடிக்கவே ஒரு மாலை ஆயிற்று. மூன்று மெனுக்களுக்கு உள்ளே, அணைத்த நிலையில் ஒளிந்திருந்தது. அது இல்லாவிட்டால் எல்லா ஜன்னல்களும் முதல் 4 ஜிபி முகவரிக்குள் முண்டியடிக்க வேண்டும். இன்றைய கார்டுகளோ, தங்கள் முழு நினைவகத்தின் அளவுக்கு ஜன்னல் கேட்கின்றன. 16 ஜிபி ஜன்னலை 4 ஜிபி சுவரில் எங்கே வைப்பது? தேடிப்பிடித்து அமைத்தேன். அடுத்த பயாஸ் அப்டேட் அதை மறுபடி அணைத்துவிட்டது. எழுதிக் கேட்டதற்கு, 'லினக்ஸுக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று ஒரு வரி பதில். பயாஸ் அணைத்ததற்கு லினக்ஸ் என்ன செய்யும்?

சில சர்வர்களில் பயாஸே நினைவகத்தின் ஒரு பகுதியைச் சாதனத்தின் பெயரில் பட்டா போட்டு வைத்திருக்கும். அங்கே கர்னல் பாஸ்த்ரூவை மறுத்துவிட்டு, 'தயாரிப்பாளரை அணுகவும்' என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அணுகினால் என்ன நடக்கும் என்பதைத்தான் மேலே சொன்னேன்.

நிறுவனங்களின் மனம் மாறாது என்பதும் இல்லை. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்டுகள் விர்ச்சுவல் மெஷினுக்குள் 'கோட் 43' என்று பிழை காட்டிப் படுத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 2021இல் 465 வரிசை டிரைவரோடு அந்தத் தடையை அவர்களே நீக்கினார்கள். மதர்போர்டுக்காரர்களுக்கு மட்டும் என்ன கஷ்டம்? சாதனங்களின் நினைவக அணுகலைப் பிரித்துக் காக்கும் ஐஓஎம்எம்யூவில் எந்தெந்த ஸ்லாட்டுகள் ஒரே குழுவில் வருகின்றன என்ற பட்டியலைக் கையேட்டில் அச்சிட வேண்டும். ஒரே குழுவில் இருப்பவற்றைப் பிரித்துக் கொடுக்க முடியாது என்பதால், வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டிய சங்கதி அது. முதல் திரையைத் தேர்வு செய்யும் வசதி எல்லா போர்டுகளிலும் வேண்டும். அப்டேட் செய்தாலும் பயனரின் அமைப்புகள் அப்படியே நிற்க வேண்டும்.

வாங்கும் பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட வசதி வீட்டில் வேலை செய்யவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். நான் பதியப் போகிறேன். அதற்கு முன், புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் இந்தக் குழுப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். 'கேம் நல்லா ஓடும் சார்' என்பார்கள். அதைக் கேட்கவில்லை என்று சொல்லுங்கள்.